கைப்பிடி இல்லாத உறை

— ராத்தா, இதுக்குக் கைப்பிடி இல்ல. தோள்ல போடுற வாரும் இல்ல. வெறும் உறைதான்.

— அதத் தேடித்தான் தம்பி வந்த. கைப்பிடி இல்லாதது. இதையே கட்டுங்க.

— பிரச்சினை இல்ல, கட்டலாம். லெப்டொப் ஆருக்கு என்டு சொன்னா நல்லம்.

— மருமகளுக்கு. வாற ஞாயித்துக்கிழம நிக்காஹ். இந்தா நிக்கிறான் மாப்பிள்ளை, என்ட மகன். றஸ்மி, அந்தப் பெரிய பேக்க கீழ வை. வந்த நேரத்துல இருந்து அதையே தடவிக்கொண்டு நிக்கிற.

— மாஷா அல்லாஹ். அப்ப லெப்டொப் மாப்பிள்ளைட அன்பளிப்பா?

— அன்பளிப்பு இல்ல, மஹர். மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுத்தே ஆகணும். மத்தப் புள்ளைகள் நகை கேக்கும். இந்தப் புள்ள லெப்டொப் கேட்டிச்சி. கேக்கிறது அதுட உரிமை, மார்க்கம் குடுத்தது, நான் வாய் திறக்கல்ல. ஆனா அதுக்கு என்ன உறை என்டு மார்க்கத்துல சொல்லல்ல. அத நான் பாக்கிறன். விளங்குதா தம்பி?

— விளங்குது ராத்தா. அளவு பாக்க லெப்டொப்பக் கொண்டு வந்தீங்களா?

— இந்தக் கூடைக்குள்ள இருக்கு. புதுசு, துவாயில சுத்தி வச்சிருக்கன். மெல்லமா எடுங்க.

— புதுசு என்டு சொன்னீங்க.

— பெட்டி உடைச்சதே நேத்துத்தான்.

— கட்டாக் கருவாடு மணக்குது.

— கருவாட்டுக் கூடையில வேற என்ன மணக்கும்? கல்பிட்டில இருந்து வாறம் தம்பி, அத்தர் கடையில இருந்து இல்ல. உறைக்குள்ள போட்டா மணம் வெளிய வருமா?

— தண்ணி உள்ள போகாது. மணம் வெளிய வாறதப் பத்திக் கம்பனிக்காரன் ஒண்டும் எழுதல்ல.

— அப்ப சரி. கட்டுங்க.

— பொறுங்க ராத்தா, இந்தக் கறுப்புப் பேக்கையும் ஒருக்காப் பாருங்க. உள்ளுக்கு மெத்தை மாதிரி இருக்கு, தோளுக்கு அகல வார், சார்ஜருக்கு வேற பொக்கட். வேலைக்குப் போற புள்ளைகள் எல்லாம் இதத்தான் எடுக்குது.

— கஷ்டமே அங்கதான். மருமகள் அஸ்மியாவுக்கு இங்க புத்தளத்துல ஒரு உப்புக் கம்பனியில கணக்கு வேல கிடைச்சிருக்காம். அடுத்த மாசம் தொடங்கணுமாம். தோள்ல போடுற பேக்க நான் வாங்கிக் குடுத்தா, போய்ட்டு வா மகள் என்டு நானே பஸ்ஸுல ஏத்தி விட்ட மாதிரி. உறை என்டா அலுமாரிக்குள்ள கிடக்கும். அவட ஊரு பள்ளிவாசல்துறையில அவட வாப்பா, பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்க தன்ட வீட்டு மேல் மாடில அறை கட்டி, புது அலுமாரியும் போட்டிருக்காரு. நடுத் தட்டுல வைக்கலாம். நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தன்.

— அது அவங்கட அலுமாரிதானே ராத்தா.

— அலுமாரி அவங்கட. லெப்டொப் எங்கட.

— மஹராக் குடுத்தா அதுவும் அவங்கடதான்.

— நீங்க பேக் விக்கிறீங்களா, பள்ளியில நிண்டு பயான் பண்றீங்களா?

— பேக். பேக்தான் விக்கிறன்.

— றஸ்மி, போன் அடிக்குது. ஆரு, அஸ்மியாவா? இங்க குடு. தம்பி, இத எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போட்டுத் தாங்க. உப்புல ஊறின கை, இந்தப் போனுக்கு என்ட விரலத் தெரியாது.

— அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. அஸ்மியா கதைக்கிறன்.

— வஅலைக்குமுஸ்ஸலாம் மகள். கடைலதான் நிக்கிறம். நல்ல உறை ஒண்டு எடுத்தாச்சு.

— உறையா மாமி? பேக் என்டுதானே அவருக்கிட்டச் சொன்னன்.

— அவன் வாய் திறந்தாத்தானே எனக்குத் தெரியும். வீட்டுல வைக்கிற சாமானுக்கு வார் எதுக்கு மகள்?

— வீட்டுல வைக்கிறதுக்கு என்டா பெரிய கொம்பியூட்டரையே கேட்டிருப்பன். மேசையோட. லெப்டொப் கேட்டது தூக்கிக்கொண்டு போகத்தான். உப்புக் கம்பனிக்கு வாறன் என்டு நான் சொல்லியும் முடிஞ்சிது. கோவிக்க வாணாம் மாமி. கலியாணம் பேச வந்த அண்டைக்கே வாப்பா உங்களுக்கிட்டச் சொன்னாரு. நீங்கதான் தின்னக் குடுத்த வட்டிலப்பத்தப் பத்திக் கதைச்சிக் கதைய மாத்திட்டீங்க.

— வட்டிலப்பம் நல்லா இருந்திச்சி. சொன்னன்.

— இண்டைக்கு வட்டிலப்பம் இல்ல. சொல்லுங்க மாமி, நான் வேலைக்குப் போறதுல என்ன குறை?

— கேளு மகள். றஸ்மிட வாப்பா மௌத்தானதுல இருந்து அந்தக் கல்பிட்டி பஸ்ஸுல கருவாட்டு மூட்டையோட நான் போய் வாறன். கொண்டக்டர் என்னய ஒருநாளும் முன்னுக்கு இருக்க விட்டதில்ல. பக்கத்துல வந்து இருந்த சனம் மூக்கப் பொத்திக்கொண்டு எழும்பிப் போகும். இவன வளக்க வேற வழி இல்ல, போனன். எனக்கு மருமகள் என்டு ஒரு புள்ள வந்தா, அவள் அந்த பஸ்ஸுல நிக்கக் கூடாது. அண்டைக்கே மனசுல நிய்யத்து வச்சிட்டன். விளங்குதா?

— விளங்குது. உங்கள நான் முதல்ல கண்டதே அந்த பஸ்ஸுலதான் மாமி.

— நீயா? எப்ப?

— ஏ லெவல் படிக்கக்குள்ள, டியூஷன் போற நேரம். பாலாவிச் சந்தியில ஒரு காற்சட்டைக்கார ஐயா ஏறி, அந்த மூட்டைய வெளிய போடுங்க என்டு கத்தினாரு. நீங்க எழும்பவும் இல்ல, கத்தவும் இல்ல. மூட்டைக்கும் டிக்கட் எடுத்திருக்கன், உங்கடயக் காட்டுங்க என்டீங்க. அவருக்கிட்ட டிக்கட் இருக்கல்ல. கொண்டக்டர் அவரத்தான் இறக்கினாரு.

— அவன் ஒரு மடையன்.

— அண்டைக்கு பஸ்ஸுல ஒருத்தரும் மூக்கப் பொத்தல்ல மாமி. சிரிப்ப அடக்க வாயத்தான் பொத்தினாங்க. பொறகு உங்கட வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்த நேரம், மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு, என்ன வேலை என்டு வாப்பா விசாரிச்சாரு. நான், அவரு ஆர்ட மகன் என்டு மட்டும்தான் கேட்டன்.

— றஸ்மி, கேட்டியா? உன்னயப் பாக்கவே இல்லையாம்.

— நீங்க வழி இல்லாமப் போனீங்க. நான் விருப்பத்துல போறன், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க உறையையே வாங்குங்க மாமி. அத ஒரு ஷொப்பிங் பேக்குக்குள்ள போட்டுக்கொண்டு போவன்.

— ஷொப்பிங் பேக்கா? மஹர் சாமானையா? சனம் என்ன கதைக்கும்?

— சனம் வேற என்ன கதைக்கப் போகுது. அந்தா போறா, கருவாட்டு ஸுலைஹாட மருமகள் என்டும்.

— போன வை நீ. நான் பொறகு எடுக்கிறன். தம்பி, வச்சிட்டாளா பாருங்க.

— வச்சிட்டா ராத்தா. உறையக் கட்டவா?

— உறைய அந்தப் பக்கம் தள்ளுங்க. அந்தக் கறுப்ப எடுங்க. வார் தாங்குமா?

— தாங்கும் ராத்தா. நல்ல தையல்.

— தையல்ட வாயால கேக்கணும். என்ட கூடைய அதுல தொங்கப் போடுங்க.

— கருவாட்டுக் கூடையவா?

— ஓம். அடியில இன்னும் கொஞ்சம் கட்டாக் கருவாடு கிடக்கு, பாரமாத்தான் இருக்கும். தூக்குங்க. இன்னும் மேல. குலுக்குங்க, நம்மட ரோட்டுல பஸ் குலுங்கும். சரி, தாங்குது.

— ராத்தா, பேக்குல இப்ப மணம் பிடிச்சிட்டு. இனி இத வேற ஆளுக்கு விக்க ஏலா.

— ஏலாதானே. அப்ப இனி விலையக் குறைச்சிச் சொல்லுங்க.

— ஆனா புதுப் பொண்ணு ராத்தா. முதல் நாள் வேலைக்கு கருவாட்டு மணத்தோடயா போறது?

— மணக்கட்டும். பக்கத்து சீட்டுல ஒருத்தரும் வந்து இருக்க மாட்டாங்க. காலை நீட்டிக்கொண்டு போவாள்.

— சரி, உங்கட விருப்பம். அப்ப இது ஒண்டு. வேற?

— வேற ஒண்டுமில்ல. றஸ்மி, எத்தின தரம் சொல்ற, அந்தப் பெரிய பேக்க வச்சிட்டு வா. அதுக்குள்ள நாலு லெப்டொப் போகும்.

— லெப்டொப்புக்கு இல்ல உம்மா, என்ட உடுப்புக்கு. ஞாயித்துக்கிழம வீட்ட விட்டுப் போறது அவ இல்லையே, நான்தானே.