பார்லிச் சக்கை

கால்வாயில் பார்லிச் சக்கையைக் கொட்டக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் கொட்டுகிறார்கள். அது மதகுப் பலகையின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், ஊறும், நாறும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கையால் தோண்டி எடுக்கிறவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும், ஐயா.

நம் முன்னோர்கள் யூப்ரடீஸ் ஆற்றையே வழிக்குக் கொண்டுவந்தவர்கள். மலை மாதிரிக் கோயில் கட்டினார்கள், களிமண்ணில் எழுத்தைப் பதித்தார்கள் என்று எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். அதெல்லாம் இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறவரைக்கும்தான். வருஷா வருஷம் வெள்ளம் வடிந்ததும் வண்டல் அள்ள வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவேன். ஒருத்தனுக்கு வயிற்றுவலி, இன்னொருத்தனுக்குக் கொழுந்தியாள் கல்யாணம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சாட்சி இல்லாத வழக்கை நீங்கள் ஆற்றிடம் அனுப்புகிறீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என் மதகுக்குக் கீழே, ஆற்றுத் தண்ணீர் ஓடும் இந்தக் கால்வாயில் இறங்கி அக்கரைக்குப் போக வேண்டும். கரையேறினால் நிரபராதி, ஆற்றுத்தெய்வம் எடுத்துக்கொண்டால் குற்றவாளி. நானும் அதை மனதார நம்பியவன்தான். புஸூர் விஷயம் வரும்வரை நம்பினேன்.

புஸூர் கால்வாய்க் கரையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பினான். அதை என் கண்ணால் பார்த்தேன். அவன் இல்லை என்று சாதித்தான், என் ஒருவன் சாட்சி போதாது என்றீர்கள், ஆற்றுக்கு அனுப்பினீர்கள். அவன் சதுப்பு நிலத்து நாணற்காட்டில் பிறந்தவன். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே நீந்தியவன். சாவகாசமாக அக்கரை ஏறித் தலையைத் துவட்டிக்கொண்டான். அன்றைக்கே கள்ளுக்கடையில் பானைக்குள் நாணற்குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "என்ன மதகுக்காரரே, ஆத்துக்கு என்னை ரொம்பப் புடிச்சுப்போச்சு. மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சுய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவன்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. ஆற்றின்மேல்தான் வெறுப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அதற்கு ஊழியம் செய்கிறேன், அதற்கு ஆள் அடையாளம் தெரியவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது.

அடுத்து ஓர் ஆட்டிடையனை அனுப்பினீர்கள். அவன் பொய்யன் என்பது வண்டல் வேலைக்கு வயிற்றுவலி சொன்னபோதே எனக்குத் தெரியும். அவன் நடுவில் போனதும், கசியாதிருக்கத் தார் மாதிரிக் கீல் பூசிய மதகுப் பலகைகளைத் தூக்கினேன். மேலே தேங்கியிருந்த தண்ணீர் இறங்கியது. மதகைச் சுற்றிக் கோரை வளர்ந்து நிற்பதால் கரையிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆறு முழித்துக்கொண்டது என்று ஊரே கொண்டாடியது. அதன் பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் ஆற்றுக்கு உதவினேன். எத்தனை பேர் என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் எண்ணி வைக்கவில்லை. என் வேலை பலகையோடு முடிந்துவிடுகிறது.

இப்போது நின்கல்லா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கள்ளுக்கடை அவளுடையது. பார்லிக் கள் வடித்த சக்கையைக் கூடை கூடையாகக் கால்வாயில் கவிழ்ப்பாள். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"சக்கைதானேண்ணே, மீனு தின்னுட்டுப் போகுது. உங்க கால்வாய் என்ன கோயில் கருவறையா?" என்பாள். குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறும்.

அவள் கணவன் காய்ச்சலில் செத்தான். இவள்தான் சூனியம் வைத்துக் கொன்றாள் என்று கொழுந்தன் வழக்குப் போட்டான். அவளை ஆறு எடுத்துக்கொண்டால் கடையும் வீடும் அவனுக்கு. சூனிய வழக்கு என்பதால், அவள் கரையேறினால் அவனுக்கு மரணம், அவன் வீடு அவளுக்கு. சட்டம் உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் அவளை ஆற்றுக்கு அனுப்பியதற்கு முந்தின நாள் ஒரு குடம் கள்ளோடு மதகுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, எனக்கு நீந்தத் தெரியாது. இப்ப தண்ணி இடுப்பளவுதான்னு சொல்றாங்க, நெசமா?"

"நெசந்தாம்மா. நடந்தே போயிடலாம்."

அது பொய் இல்லை. அறுவடைக் காலம், மதகு அடைத்திருந்ததால் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

"இனிமே சக்கைய மாட்டுக்குப் போட்டுடுறேண்ணே," என்றாள் போகும்போது. உயிர்ப்பயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வண்டல் அள்ள வருகிறேன் என்றும் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அவள் நேராக நடந்து போனாள். பாதியில் தண்ணீர் மார்புக்கு ஏறியதும் நின்று, மதகுப் பக்கம் திரும்பி, "அண்ணே" என்று கூப்பிட்டாள். நான் அடுத்த பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் சூனியம் வைத்தாளா என்று கேட்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. சக்கை கொட்டினாள், அது தெரியும்.

லூநன்னா இல்லாவிட்டால் இந்த விசாரணையே நடந்திருக்காது. கால்வாய் அவன் வயலில்தான் போய் முடிகிறது. அன்றைக்கு முழங்கால்வரை சேறோடு ஓடிவந்தான்.

"யோவ், நாத்து வாடுறப்ப கெஞ்சினேன், ஒரு சொட்டு விடல. கதிர் முத்தி நிக்கிறப்ப கடலையே தொறந்து விடுறியா? ஆத்துக்கு ஆள் போற அன்னிக்கெல்லாம் என் வயல் முழுவுதே, அது எப்படிய்யா?"

நியாயமான கேள்விதான். அதைத்தான் அவன் உங்களிடமும் வந்து கேட்டான்.

ஆமாம், நான்தான் திறந்தேன். நின்கல்லாவுக்கும் திறந்தேன், அவளுக்கு முன்னால் போனவர்களுக்கும் திறந்தேன். ஆனால் நான் யாரையும் கொல்லவில்லை, ஐயா. தண்ணீரை விடுவது மட்டும்தான் நான். எடுத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் ஆற்றின் இஷ்டம். குற்றமில்லாதவளாக இருந்தால் அவளை அது தாங்கிப் பிடித்திருக்காதா? இன்றைக்கு அந்தக் கடையில் கொழுந்தன் கள் வடிக்கிறான். சக்கையை எங்கே கொட்டுகிறான் என்று நினைக்கிறீர்கள்? அவனிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என்னையும் ஆற்றிடமே அனுப்புங்கள். அதன் தீர்ப்பில் எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. தண்ணீர் இப்போதும் இடுப்பளவுதான். ஒரே ஒரு வேண்டுகோள்: நாளைக்கு மதகில் லூநன்னாவை நிறுத்தாதீர்கள். அவனுக்கு என்மேல் கோபம் இருக்கிறது.