வலது தொடையில் நைந்த துணி

— இந்த நைட்டியைப் பாரு அக்கா.

— அதை ஏன் பாப்பா இங்க தூக்கிட்டு வந்த? வந்த அன்னிக்கு நர்ஸ் கத்திரி போட்டு வெட்டினது. குப்பைல போடு.

— வெட்டின இடத்தைச் சொல்லல. இங்க, வலது தொடைகிட்ட. துணிக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரியுது பாரு.

— பழந்துணி. நைஞ்சு போச்சு.

— வீட்ல இருக்கற மத்த அஞ்சையும் எடுத்துப் பாத்தேன். எல்லாம் அதே இடத்துல நைஞ்சிருக்கு. ஆறு வருஷமா கட்டில்ல கெடக்கறவளுக்கு முதுகுலதானே துணி நையணும்?

— ஸ்கூல்ல பசங்க நோட்டைத் திருத்தினது பத்தாதுன்னு என் துணியையும் திருத்த வந்துட்டியா.

— சின்ன வயசுல உன் பாவாடையெல்லாம் இதே இடத்துலதான் நையும். போலியோ வந்த காலு, முட்டி நிக்காம மடங்கிடும்னு தொடையைக் கையால அழுத்தி அழுத்தித்தானே நடப்ப? அம்மா உள்பக்கம் ஒட்டுத்துணி வச்சுத் தைப்பாங்க.

— அம்மா பேச்சை எடுக்காத. இடுப்பு வலிக்குது, அந்தத் தலகாணியைக் கொஞ்சம் தள்ளு.

— தள்றேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ நடந்துட்டுதானே இருந்த?

— மெதுவாப் பேசு. பக்கத்துக் கட்டில்காரி காதைத் தீட்டிக்கிட்டு இருக்கா.

— கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்தேன்னு சொன்ன. நான் வந்தப்போ அடுப்புல பால் தீஞ்சு கரியாயிருந்துச்சு. காலைல நான்தான் அணைக்காமப் போயிட்டேன்னு சொன்ன. நாலு நாளா அதை நெனச்சு என் தலையிலயே அடிச்சுக்கிட்டேன்.

— நீ மறதிக்காரிதானே.

— சமையல்கட்டுல விழுந்து, தொடை எலும்பு உடைஞ்ச காலை இழுத்துக்கிட்டு கட்டில் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்க. உயிர் போற வலியில. நான் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு.

— போகலையே உயிரு.

— அக்கா.

— சரி, நடந்தேன். என்ன இப்போ? ஆரம்பத்துல நிஜமாவே முடியலடி. போலியோ வந்தவங்களுக்கு நாப்பது வருஷம் கழிச்சும் தசை மறுபடி சோர்ந்து போகும்னு அப்போ பாத்த டாக்டரே சொன்னாரு. மூணு மாசம் படுத்துக் கெடந்ததுல கொஞ்சம் தெம்பு வந்துச்சு. நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வரைக்கும் போவேன். ஒரு டீ போட்டுக் குடிப்பேன். அவ்வளவுதான்.

— அந்த மூணாவது மாசம்தான் எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு, என்னைக் கட்டிக்கறதா இருந்தவர்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்.

— தெரியும். குளியலறைல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுத. கதவுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்.

— நின்னியா?

— நின்னேன்.

— ஆறு வருஷம் உனக்குப் பெட்பேன் வச்சு எடுத்திருக்கேன்.

— நல்லாத்தான் வச்ச. அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

— உன்னைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. இருந்தாலும் சொல்றேன், கேளு. டாக்டரம்மா என்னை வெளிய கூப்பிட்டுப் பேசினாங்க. அந்தக் கால் எலும்பு சுள்ளி மாதிரி இருக்காம். சாதாரணமா வைக்கற கம்பி உள்ள நுழையாது, மெல்லிசா ஒண்ணு வரவழைக்கணும், வைக்கும்போதே எலும்பு இன்னும் விரிசல் விட்டாலும் விடும். நடந்துட்டிருந்தவங்கன்னா துணிஞ்சு ஆபரேஷன் பண்ணலாம், திரும்ப நடக்க வழியிருக்குங்கறாங்க. படுக்கையிலேயே இருந்தவங்கன்னா வெறும் கட்டோட விட்டுடுவாங்க. எலும்பு கோணலாச் சேரும், நடை அதோட சரி.

— நீ என்ன சொன்ன?

— அக்காவையே கேட்டுக்கங்கன்னேன். இப்ப வந்துடுவாங்க. உண்மையைச் சொல்லிடு. உனக்குக் கால் கிடைக்கும்.

— உனக்கு?

— தலைமை ஆசிரியையா ஆர்டர் வந்திருக்கு. வேற ஊரு. ரெண்டு தடவை உனக்காக வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை, நீ எழுந்து நடந்த மறுநாள் கிளம்பிடுவேன். அப்புறம் என் மூஞ்சியை நீ பாக்க மாட்ட.

— நான் நடக்கலன்னா?

— நடக்க முடியாதவளை விட்டுட்டுப் போற மனசு எனக்கு ஏது? அது தெரிஞ்சுதானே இத்தனை வருஷம் ஏய்ச்ச.

— ஆமா பாப்பா. உனக்கு அந்த மனசு வராது.

— என்னம்மா, அக்காவும் தங்கச்சியும் பேசிட்டீங்களா? எனக்கு ஒரே கேள்விதான். இப்ப விழறதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்குள்ளயாவது நடந்துட்டிருந்தீங்களா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. ஆபரேஷனா, கட்டான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன்.

— டாக்டரம்மா கேக்கறாங்கல்ல. சொல்லுக்கா.

— கையை விடு பாப்பா, சொல்றேன். நீங்க கட்டே போட்டுடுங்க டாக்டரம்மா. ஆறு வருஷமா இந்தக் கால் தரையில பட்டதே இல்ல. எனக்கென்ன குறை, பாத்துக்கத்தான் என் தங்கச்சி இருக்காளே.