நடுக்கோடு

— ஆக, கொக்கி ஆரம்பத்துலேர்ந்தே கூரையிலதான் இருந்துச்சு. எம்மெட்தான் கயித்தை அதுல மாட்டல. எழுதி வச்சுக்க லைல், இதான் நடந்தது.

— கொக்கி உங்க வண்டியில இருந்துச்சு முதலாளி. சீட்டுக்கு அடியில, சாண்ட்விச் டப்பா பக்கத்துல.

— இந்த வெண்டல் முப்பத்தோரு வருஷமா மெய்ன் மாநிலம் பூரா கூரை போடுறவன். எந்தச் சாமான் எங்க இருந்துச்சுன்னு வெண்டலுக்குத் தெரியும்.

— அதுவும் சரிதான். டப்பாவும் உங்களுதுதான்.

— வாயைக் குறை. இன்ஸ்பெக்டர் போன்ல கேட்டான், "ஆள் விழுந்த அன்னிக்குக் கூரையில கொக்கி இருந்துச்சா?"ன்னு. இருந்துச்சு, முதல் நாள் சாயங்காலமே நட்டாச்சுன்னுட்டேன். "அப்ப மத்தியானத்துக்குள்ள ஒரு போட்டோ அனுப்புங்க, திங்கக்கிழமை நேர்ல ஏறிப் பாக்கறேன்"ங்கறான். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பையை இப்படித் தள்ளு.

— ஏணியில மஞ்சள் நாடா கட்டியிருக்காங்களே. யாரும் ஏறக் கூடாதுன்னு.

— அது தெருவுல போறவனுக்கு. நமக்கா?

— நீங்க பெல்ட் எல்லாம் போட்டுட்டு வந்திருக்கீங்க.

— பின்ன? சரிவைப் பாத்தியா? தேவாலயத்துக்குக்கூட இப்படி ஒரு கூரை கிடையாது.

— கயித்தை எதுல கட்டியிருக்கீங்க?

— புகைபோக்கியில.

— எனக்கு?

— நீ நடுவுல வேலை செய்யப் போறே. அங்க கயிறு எட்டாது. ஜாக்கிரதையா நில்லு.

— செவ்வாக்கிழமை எம்மெட்கிட்டயும் இதேதான் சொன்னீங்க. "ஜாக்கிரதையா நில்லு."

— எம்மெட்டைப் பத்தி என்கிட்டப் பேசாதே. அவன் எனக்குத் தம்பி மாதிரி. நேத்து அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பினேன்ல? அங்க வந்ததுலயே பெரிசு அதுதான்.

— பாத்தோம். கம்பெனி பேரு முழ நீளத்துக்கு. அடியில போன் நம்பர். எம்மெட் பேரைத்தான் காணோம்னு எங்க அக்கா தேடினா. ஒரு ரோஜாவுக்குப் பின்னாடி இருந்துச்சு.

— உங்க அக்கா புருஷன், உனக்கு வருத்தமா இருக்கும். இல்லேங்கல. ஆனா அவன் கொஞ்சம் போட்டிருந்தான்ல அன்னிக்கு?

— யாரு சொன்னா?

— ஊர்ல பேசிக்கறாங்க.

— ஊருக்கு யாரு சொன்னா?

— ஹார்டுவேர் கடையில, சும்மா, ரெண்டு பேருகிட்ட… இருக்கலாம்னுதான் சொன்னேன். இருந்துச்சுன்னு சொல்லல.

— அக்கா பொண்ணு நேத்து சர்ச் கூடத்துல பீன்ஸ் தட்டைக் கையில வச்சுக்கிட்டு என்னைக் கேக்கறா: "மாமா, அப்பா குடிச்சிட்டா விழுந்தாரு?" பதினோரு வயசு. அந்த மனுஷன் பீரைத் தொட்டே ஒம்பது வருஷமாச்சு முதலாளி.

— அப்படியா? எனக்குத் தெரியாதுப்பா.

— கீழ பாருங்க, அவரு போட்ட நாலு வரிசை ஷிங்கிள் ஓடு. அந்தாண்ட கிடக்கே சுத்தியல், அதுவும் அவருதுதான். வரிசைக்கு வரிசை இடைவெளி பாக்கற அளவு முள்ளு அதுல அஞ்சு இஞ்ச்சுல நிக்குது. எங்க வேணா டேப்பை வச்சுப் பாருங்க, அஞ்சு இஞ்ச்சுதான். குடிச்சவன் கை இப்படிப் போடுமா?

— அது நான் தாள் மேல நூல் அடிச்சுப் போட்ட கோட்டோட மகிமை. என் கோட்டைப் பாத்துப் போட்டா எவன் போட்டாலும் நேராத்தான் வரும்.

— அதுவும் சரிதான்.

— பாரு லைல், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. கொக்கி இருந்துச்சு, அவன் மாட்டலன்னு ஆயிட்டா குடிச்ச பேச்சே எதுக்கு? அதை நானே நிறுத்திடறேன். இன்ஸ்பெக்டர் கேட்டா நீ தலையை ஆட்டு, போதும். அடுத்த வாரத்துலேர்ந்து நீதான் மேஸ்திரி. எம்மெட் இடம் உனக்கு.

— எம்மெட் இடம்.

— அட, அப்படிப் பாக்காதேப்பா. நான் வேலையைச் சொன்னேன்.

— அவரு ஏன் கயிறு மாட்டலன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நீங்கதான் வேண்டாம்னீங்க. "கயிறு இழுபட்டா என் நீலக் கோடு அழிஞ்சிடும்"னீங்க.

— அழியத்தானே செய்யும்? நீலப்பொடி. உதட்டைக் குவிச்சு ஊதினாலே போயிடும்.

— செகப்புப் பொடி அழியாது. வண்டியில ஒரு டப்பா இருந்துச்சு.

— செகப்பா! ஒரு மழை பெஞ்சா போதும், ஓரமெல்லாம் ரத்தம் வழிஞ்ச மாதிரி ஆயிடும். வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?

— வீட்டுக்காரம்மா ஏற்கெனவே பாத்துட்டாங்க. அவங்க பூச்செடியிலதானே விழுந்தாரு.

— வெண்டல்! என் கூரை மேல யாரு? வெண்டல்தானே?

— நாங்கதான் மிஸஸ் பெட்டிங்கில்! சின்ன அளவு வேலை!

— என் கூரை எப்ப முடியும்? ஞாயித்துக்கிழமை மழைங்கறாங்க! மூணு நாளா வெறும் தாளோட கிடக்கு!

— மேடம், கூரைங்கறது ஒரு குடும்பத்தோட…

— பியோனிச் செடி மூணும் போச்சு! என் மாமியார் கையால வச்சது! அந்த மனுஷன் ரெண்டடி இந்தாண்ட விழுந்திருந்தா வெறும் புல்லு!

— செடிக்கு ரொம்ப வருத்தப்படறேன் மேடம்!

— மஃபின் சுட்டிருக்கேன்! இறங்கினா எடுத்துக்கோங்க! பூவை மிதிக்காம வாங்க!

— நல்ல பொம்பளை. லைல், என்ன முழிக்கறே? டேப்பை எடு. அந்த ஓரத்துல பிடி. கொக்கி நட்ட நடுவுல இருக்கணும். முகட்டுலேர்ந்து ஒரு அடி கீழ. ரெண்டு பக்கமும் பதினாலடி மூணு இஞ்ச்.

— நடுவுல உங்க கோடு ஓடுது.

— ஓடட்டும். அதுதானே நடு! எல்லாக் கூரையிலயும் முதல் கோடு என் கையால. முகட்டுப் பக்கம் கையெழுத்து, தேதி, மணி. படம் வரையறவன் போடறானே, அது மாதிரி.

— அது மேல ஷிங்கிள் போட்டு மூடிடறோமே. யாரு பாக்கப் போறா?

— கடவுள் பாப்பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு.

— சிரிக்காதே. நூல் அடிக்கறதுன்னா பொடியில முக்கி இழுத்து விடறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க எல்லாரும். அடித்தாள் துடைச்ச மாதிரி இருக்கணும். நூலுக்குக் கீழ ஒரு ஆணித்தலை தூக்கிக்கிட்டு இருந்தாப் போதும், நூல் அதுமேல ஏறித் தாவிடும். பொடி ஆணித்தலையிலதான் ஒட்டும், ரெண்டு பக்கமும் தாள் வெறுமையா விட்டுப் போயிடும். என் கோட்டைப் பாரு. ஷிங்கிள் மூடினது போக, இங்கேர்ந்து முகடு வரை எங்கயாவது விட்டிருக்கா?

— இல்ல முதலாளி. ஒரு இடத்துலகூட விடல.

— செவ்வாக்கிழமை, காலையில ஆறு அம்பது. எழுதியிருக்கேன் பாரு.

— தெரியும். கீழ் நுனியை நான்தான் பிடிச்சிருந்தேன். எம்மெட் விழுந்தது ஒம்பதே கால்.

— மணி இப்ப எதுக்கு? டேப்பைப் பாரு.

— கொக்கியைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன? ஒரு அடி அந்தப் பக்கம்?

— கோணலாவா?

— கோணல் இல்ல. ஒரு அடி. கோடு இல்லாத இடமா.

— என் கூரையில? போட்டோ எடுத்து அரசாங்கத்துக்கு அனுப்பற இடத்துல? லைல், அளவுன்னா அளவு. பொய்யே சொன்னாலும் நடுவுல நின்னு சொல்லணும்.

— ஒரு தடவை யோசிச்சுக்கோங்க முதலாளி. இறங்கினப்புறம் நான் சொல்லலேன்னு சொல்லக் கூடாது.

— யோசிக்கறதுக்கு நான் இருக்கேன், பிடிக்கறதுக்கு நீ இருக்கே. பதினாலடி மூணு. சரியா?

— சரி.

— அந்தப் பக்கம்?

— பதினாலடி மூணு.

— கொக்கியோட தகட்டை வை. கோட்டுக்கு மேல, நேரா. அந்தக் கால் இன்னும் கொஞ்சம் இடதுல… நிறுத்து. இப்பத் திருகு. ஆறு திருகாணி. ரெண்டோட நிறுத்திடாதே, பாக்கறவன் சிரிப்பான்.

— உள்ள கட்டை வரைக்கும் இறங்கிடுச்சு. ஒரு லாரியைக் கட்டித் தொங்கவிடலாம்.

— பாத்தியா! எவ்வளவு பத்திரம்!

— ஆமா. மூணே நிமிஷ வேலை.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல முதலாளி. மூணு நிமிஷம் ஆச்சுன்னேன்.

— புதுசா மின்னுது. உன் கையுறையில இருக்கற தார் அழுக்கைத் தேய். தகட்டுல மட்டும்! கோட்டு மேல படாம! கோடு அழிஞ்சா உன்னை என்ன செய்வேன்னு தெரியாது.

— ஒரு துளிகூடப் படல. நீங்களே பாருங்க.

— ம்… அருமை. தள்ளு, போட்டோ எடுக்கறேன். கொக்கி விழணும், கோடு விழணும், கையெழுத்தும் விழணும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியட்டும், இது ஏனோதானோ ஆளுங்க வேலை இல்லேன்னு.

— கிட்டப் போய் எடுங்க. கோட்டுல இருக்கற நீலப்பொடிகூடத் தெரியற மாதிரி.

— இப்பதான் நீ மேஸ்திரி மாதிரி பேசறே. இரு… எடுத்தாச்சு. அனுப்பியாச்சு. போயிடுச்சு பாரு. ஆபீஸ்ல நாற்காலி தேய்க்கறவன்தானே, இப்படி ஒரு கோட்டை ஜென்மத்துல பாத்திருக்க மாட்டான்.

— முட்டி ரெண்டும் போனதுக்கு அப்புறம்தான் அந்த நாற்காலிக்குப் போனாராம். அதுக்கு முன்னாடி பத்தொம்பது வருஷம் கூரை வேலைதான். நேத்து அடக்கத்துக்கு வந்தவரு அக்காகிட்டச் சொன்னாரு.

— அப்ப இன்னும் நல்லது. ரசிக்கத் தெரிஞ்சவன்.

— ரசிப்பாரு.

— அதோ, பதிலே வந்துடுச்சு. நான் சொல்லல? "போட்டோ கிடைத்தது. கொக்கியைக் கழற்ற வேண்டாம். எதையும் தொட வேண்டாம். கீழே இறங்கி அங்கேயே இருங்கள். ஷெரிப்புடன் கிளம்பிவிட்டேன்." … திங்கக்கிழமைன்னானே? ஷெரிப் எதுக்கு, போலீஸ் வர்ற அளவுக்கு? என்ன குறை கண்டான் இதுல? லைல், கோணலா இருக்கா? உண்மையைச் சொல்லு, கோணலா இருக்கா?

— கோணலே இல்ல முதலாளி. ஒரு ஆணித்தலை தட்டினாலே விட்டுப் போற உங்க செவ்வாக்கிழமைக் கோடு தகட்டுக்கு இந்தப் பக்கம் அடியில நுழைஞ்சு, அந்தப் பக்கம் ஒரு நூல் விடாம நேரா வெளிய வருது.