பச்சை விளக்கு யாருக்கு எரிகிறது?

மேகத்தை மிரட்டி மேலேறி, மின்னலை விலக்கி முன்னேறி, முப்பது ஆண்டுகள் வானத்தில் குடியிருந்துவிட்டு, நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கேப்டன் ஐயா அவர்களே! தீர்மானத்தைத் தட்டச்சு செய்து, நான்காய் மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கும் நம் விமானிகள் மன்றத்தின் செயலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த உறுப்பினர்களே! பிள்ளைகளைப் பறக்க அனுப்பிவிட்டு, சக்கரம் தரையைத் தொடும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! விமானக் கொட்டகையில் என்னோடு எண்ணெயும் அழுக்குமாய் உழைக்கும் தோழர்களே! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் என் தங்கையே! உங்கள் எல்லோருக்கும் இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

அழைப்பிதழை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஐந்தாவது வரி, நான்கு விமானங்களுக்கும் புதிய கருவிகள் பொருத்திய மெக்கானிக்குக்குப் பாராட்டு. ஆறாவது வரி, கவனக்குறைவுக்காகப் பெண் பயிற்றுநரைப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம். ஐந்தாவது வரி நான். ஆறாவது வரி என் தங்கை. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்குக் கைதட்டல், இன்னொருவருக்குக் கதவடைப்பு. இதைப் படித்து நீங்கள் திடுக்கிட்டீர்களோ இல்லையோ, பத்து நாளைக்கு முன்பு படித்திருந்தால் நான் திடுக்கிட்டிருக்க மாட்டேன். அந்தத் தீர்மானத்துக்கு முதல் கையை நானே தூக்கியிருப்பேன். அதற்காகத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

மேடையோரம் துணி போட்டு மூடியிருப்பது என்ன என்று வந்ததிலிருந்து விசாரிக்கிறீர்கள். பொறுங்கள். அதற்குத்தான் வருகிறேன்.

விதி மாறியது, அவையோரே. வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்குகிறோமே, அந்த விதி மாறியது. இத்தனை காலம் தரையில் நின்று வழிசொன்ன ரேடியோ நிலையங்களை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். இனி வழிசொல்லப் போவது செயற்கைக்கோள். அதன் சொல்லைக் கேட்கும் கருவி இல்லாத விமானம் இந்த மாதம் முடிந்தபின் நம் நிலையத்தில் மேகத்துக்குள் இறங்கக் கூடாது. நம்மிடம் இருப்பவை நான்கு சின்ன விமானங்கள், நான்கும் என் வயதுக்காரர்கள். மாற்றிக் கொடு என்றீர்கள். மாற்றினேன். பழையதைப் பிடுங்கினேன், புதியதைப் பொருத்தினேன், கம்பிகளைக் கோத்தேன், கையெழுத்திட்டேன்.

விமானிகளுக்குத் தெரிந்ததைத் தாய்மார்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். ஓட்டுபவர் முன்னால் ஒரு முள் இருக்கிறது. அது நடுவில் நின்றால் சரியான பாதை, விலகினால் தவறான பாதை. இப்போது அந்த முள் ஒன்று, அதற்கு எஜமானர்கள் இருவர். ஒருவர் செயற்கைக்கோள், இன்னொருவர் இன்னும் அணைக்கப்படாத பழைய ரேடியோ. ஒரு பொத்தானை அழுத்தினால் எஜமானர் மாறுவார். யார் பேச்சை முள் கேட்கிறது என்று ஒரு குட்டி விளக்கு சொல்லும். பச்சை என்றால் செயற்கைக்கோள், வெள்ளை என்றால் ரேடியோ. கடுகளவு விளக்குதான். ஆனால் முள்ளுக்கே அதுதான் சாட்சி.

அந்தச் சாட்சியை நான் எங்கே நிறுத்தினேன் தெரியுமா? ஓட்டுபவர் முன்னால் இருக்கும் கருவிப் பலகையில் பழைய கடிகாரம் இருந்த ஓட்டை காலியாகக் கிடந்தது. அளவும் கச்சிதம். புதிதாக ஓட்டை போட வேண்டுமென்றால் பலகையையே கழற்ற வேண்டும். "ரெடியா ஓட்டை இருக்கே, மாட்டிடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொருத்தியவனே இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பான், பார்த்தவனே கையெழுத்துப் போடுவான். உட்கார்ந்தேன். பச்சை தெரிந்தது, வெள்ளை தெரிந்தது. போட்டேன் கையெழுத்து. ஒரு விமானத்தில் அல்ல, நான்கிலும். என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம் என்பதை மட்டும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

என் தங்கையை வீட்டில் அரைப்படி என்று கூப்பிடுவோம். சிரியுங்கள், அவளும் சிரிப்பாள். இருக்கை நகரும் தண்டில் பல் பல்லாக வெட்டியிருக்கும்; கடைசிப் பல்வரை முன்னால் இழுத்தால்தான் அவள் கால் பெடலை எட்டும். அந்த அரைப்படிதான் இந்த மன்றத்தில் பாதிப் பேருக்கு மேகத்துக்குள் பறக்கக் கற்றுக் கொடுத்தவள்.

பத்து நாளைக்கு முன்பு ஒரு காலை, பயிற்சிக்கு வந்த தபால்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவளே ஓட்டிக் காட்டினாள். வழியில் ஒரு நிலையத்தைச் சரிபார்க்க ரேடியோவுக்கு மாற்றினாள். பிறகு பொத்தானைத் திரும்ப அழுத்தினாள். அழுத்தியது பதியவில்லை. மேகம் மூடியது. முள் நடுவில் நின்றது, ஆடாமல் அசையாமல், நல்ல பிள்ளையாக நின்றது. ஆனால் அது காட்டியது நம் ஓடுபாதையை அல்ல, குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு நிலையத்தை. அவள் இறங்கினாள். இன்னும் இறங்கினாள். மேகம் ஒரு நொடி கிழிந்தது. தபால்காரர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், அது மரமா?"

மரம்தான். இறக்கையின் உயரத்தில் மரம். இலை இலையாக எண்ணலாம் போல அத்தனை பக்கத்தில் மரம். அவள் விமானத்தின் மூக்கைத் தூக்கி, முழு வேகம் கொடுத்து, மேலேறி, சுற்றி வந்து, பத்திரமாக இறக்கிவிட்டாள். விமானத்தில் ஒரு கீறல் இல்லை. தபால்காரர் இறங்கி, புல்தரையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், புதுக் கருவியில் வரைபடம் தெரியுமே, அதைப் பார்த்திருக்கலாமே என்று. நல்ல கேள்வி. படத்தைப் பார்த்து இறங்காதே, முள்ளைப் பார்த்து இறங்கு என்று இந்த மன்றத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பது யார், தம்பி? நாம்தானே.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் முதல் கல்லை எறிந்தவன் நான். விளக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதைப் பார்க்க உனக்கு என்ன கேடு என்று கத்தினேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பொத்தானை அழுத்தினதும் மாறிவிட்டதா என்று உறுதி செய்யாதது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சீட்டை என் பல்லுக்கு இழுத்து, என் உயரத்துக்குக் குனிஞ்சு உட்காருண்ணா. அப்புறம் திட்டு."

மறுநாள் உட்கார்ந்தேன். இருக்கையைக் கடைசிப் பல்வரை இழுத்தேன். இடுப்பை வழுக்கவிட்டுத் தலையை அவள் உயரத்துக்கு இறக்கினேன். விளக்கைக் காணோம், அவையோரே! கையில் பிடிக்கும் சக்கரத்தின் கொம்பு அதை அப்படியே விழுங்கிவிட்டது. எரிகிற விளக்கு, நான் பொருத்திய விளக்கு, நான் கையெழுத்திட்ட விளக்கு, என் தங்கைக்கு மட்டும் எரியாத விளக்கு. அவளைக் கொல்லப் பார்த்தது யார்? மேகமா, மரமா, மாறிய விதியா? ஒரு பழைய கடிகார ஓட்டையும் அவளுடைய அண்ணனும்.

அதோடு முடிந்ததா? இல்லை. மன்றத்தின் குள்ளமான உறுப்பினர்களில் கண்ணில் பட்டவர்களைத் தேடிப் போய் விசாரித்தேன். பத்துப் பேர். நேராக உட்கார்ந்தால் பத்துப் பேர் கண்ணுக்கும் அந்த விளக்கு தெரியாது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். தங்கள் உயரத்தைச் சொல்ல வெட்கம். ஒருவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "தலையைச் சாய்ச்சு எட்டிப் பார்த்துக்குவோம் சார். பழகிடுச்சு."

பழகிவிட்டதாம். மேகத்துக்குள் தலையைச் சாய்த்தால் என்ன ஆகும்? மேல் எது, கீழ் எது என்று உடம்பு குழம்பும். நேராகப் போகும் விமானம் கவிழ்வது போலத் தோன்றும். அதைத் திருத்தப் போய் உண்மையிலேயே கவிழ்ப்போம். மேகத்துக்குள் தலையை அசைக்காதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பவர் யார்? பொறுப்பிலிருந்து நீக்கப்பட வேண்டிய அந்தப் பயிற்றுநர். சொன்னதைத் தானும் செய்தாள். தலையைச் சாய்க்காமல் பறந்தாள். கற்றுக் கொடுத்தபடி நடந்ததற்குத்தான் ஆறாவது வரி.

இப்போது துணியை எடுக்கிறேன். இது நான்காவது விமானத்தின் பலகை, சக்கரம், இருக்கை. அதே அளவில் மரச்சட்டத்தில் பூட்டி, பேட்டரி கொடுத்திருக்கிறேன். செயலாளர் அவர்களே, உங்கள் உயரமும் என் தங்கையின் உயரமும் ஒன்றுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். தயவுசெய்து ஒரு நிமிடம் வந்து உட்காருங்கள். இருக்கையை உங்கள் பல்லுக்கே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கட்டும். நன்றி. இப்போது நீங்கள் மேகத்துக்குள் இருக்கிறீர்கள். விளக்கு என்ன நிறம் என்று மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளை என்கிறார். சரியான பதில்.

ஐயா, அப்படியே இருங்கள். அசையாதீர்கள். அவையோரே, அவருடைய வாய் சொன்னதைக் கேட்டீர்கள், அவருடைய தலையைப் பாருங்கள். இடது தோளில் சாய்ந்திருக்கிறதே, யார் சாய்க்கச் சொன்னது? நான் சொன்னேனா? இல்லை. தான் சாய்த்தது அவருக்கே தெரியாது. பதினோராவது ஆள், அவையோரே. தீர்மானத்தை எழுதிய கைக்குச் சொந்தக்காரரே பதினோராவது ஆள்.

நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை, ஐயா. குனிய வேண்டிய தலை ஆறடிக்கு மேலே இருக்கிறது. இன்று காலை நான்கு விமானங்களின் பதிவேட்டிலும் என் கையெழுத்தை ரத்து செய்து எழுதிவிட்டேன். நான்கும் கொட்டகையை விட்டு நகராது. மாதம் முடிந்துவிடும், மேகத்துக்குள் பறக்க முடியாது, பயிற்சி நின்றுபோகும், என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். முள்ளுக்கு மேலே, நேர் பார்வையில், புது ஓட்டை போடுவேன். ஆனால் இந்த மன்றத்திலேயே குள்ளமானவர் உட்கார்ந்து, தலையைச் சாய்க்காமல் நிறத்தைச் சொன்ன பிறகுதான் பேனாவைத் திறப்பேன். பாராட்டு எனக்கு வேண்டாம். ஆறாவது வரியில் ஒருவரை நீக்கியே தீர வேண்டுமென்றால், பக்கத்து வரியில்தான் நிற்கிறேன்.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுக்கிறார். கிழிக்கிறாரா படிக்கிறாரா என்பதை இந்த அவை பார்த்துக்கொள்ளட்டும். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பெரியோருக்கும், வயிற்றில் நெருப்போடு வந்து உட்கார்ந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. அரைப்படி, தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வாம்மா. முதல் ஆளாக நீதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வணக்கம்.