ஆளுக்கொரு சரம்

பேனா மூடி தனியாகக் கிடந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் மேசையில் நான்கைந்து கிடந்தன. நீங்கள் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் நிறவாரியாக அடுக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் என் கணவர்கூடச் சொல்வார், "குப்பைத்தொட்டியப் பாத்தா கும்பிடாத குறைதான் ஒனக்கு" என்று. அவர் கேலி செய்வது நியாயம்தான். தெருவில் போகும்போது என் கண் தரையைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

ஒன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்தபோது அந்த அறையில் ஒரு கரும்பலகையும் கதவு கழன்ற ஓர் அலமாரியும் இருந்தன. வேறெதுவும் கேட்டால் தலைமை ஆசிரியை, "இருக்கறத வெச்சு ஓட்டுங்க டீச்சர்" என்பார். ஓட்டினேன். செருப்புக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகள், சோடாக் கடையிலிருந்து மூடிகள், மருந்துக் கடையிலிருந்து காலிப் புட்டிகள். பழைய காலண்டரின் தேதிகளை வெட்டினால் எண் அட்டை. முட்டை அட்டையில் பத்துக் குழியை மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டால் கூட்டல் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. பெட்டிகளின்மேல் எழுத்துக்குப் பதிலாகப் படம் ஒட்டினேன். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடும். என் அலமாரியைப் பார்த்தால் உங்களுக்கே ஆசையாக இருக்கும்.

பொத்தான்களை ஒரு தையல்காரம்மா கொடுத்தனுப்புவார். அவருடைய மகள் என் வகுப்பில்தான் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துக் கொறிப்பாள், பென்சிலின் பின்பக்கமெல்லாம் பல் தடம். அதனால் எல்லாரும் அவளை அணில் என்போம். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவாள்.

தலைமை ஆசிரியைக்கு என் அலமாரி பிடிக்காது. "ஒரு புள்ளைக்கு எதாச்சும் ஆகட்டும், அத்தனையும் வாரி வெளிய கொட்டிருவேன்" என்று மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார். அவருடைய அறையிலோ பிரிக்காத வரைபடங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன, பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். குன்றிமணிக்குத் தன் முதுகில் இருக்கும் கறுப்பு தெரியாது என்பார்களே, அப்படி.

ஆமாம், குன்றிமணி. அதற்குத்தான் வருகிறேன்.

பள்ளியின் பின்வேலியில் அந்தக் கொடி படர்ந்திருந்தது. காய் வெடித்துச் சிவப்புச் சிவப்பாக உதிரும். பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம், தேயாது, உடையாது, காசும் இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "குண்டுமணி வெஷம்னு சொல்லுவாங்களே?" என்றார். "ஓடு கெட்டி டீச்சர், முழுங்கினாலும் முழுசா வெளிய வந்துரும்" என்றேன். பொய் இல்லை, நான் படித்ததுதான். ஓட்டை விழுந்தாலோ கடிபட்டாலோ கதை வேறு என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை.

உதிரியாக இருந்தால் பெஞ்சுக்கு அடியில் உருண்டோடுகிறது. எண்ணிக்கை தப்புகிறது, பிள்ளை அழுகிறது. பத்துப் பத்தாகக் கோத்துவிட்டால் ஆளுக்கொரு சரம், கையில் பிடித்துத் தள்ளித் தள்ளி எண்ணலாம். ஊறவைத்து, தடித்த ஊசியைச் சூடாக்கி, ஒவ்வொன்றாக ஓட்டை போட்டேன். ஊசியும் தையல்காரம்மா கொடுத்ததுதான். கடைசியில் மணி தீர்ந்துபோய் ஒரு சரம் குறைந்தது. அணிலும் பக்கத்தில் உட்காரும் பெண்ணும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. தினமும் சண்டை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற ஆள் இல்லை நான்.

அன்று கூட்டல் பாடம். சரம் கைமாறும் நேரத்தில் அணில் அதை விடாமல் வாயில் கவ்விக்கொண்டாள். நான் போய்ப் பிடுங்கியபோது நூல் அறுந்து ஈரமாக இருந்தது. மணிகள் குறைந்தன. ஒன்றின் பாதி மட்டும் தரையில் கிடந்தது.

"கசக்குது டீச்சர்."

"திங்கிறதுக்கா குடுத்தேன்? போ, போய்க் கொப்பளி."

கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். இரண்டு நாளில் ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. வேறு பள்ளிகளின் ஆசிரியர்களையும் அழைத்துவந்து, செலவில்லாமல் ஒரு வகுப்பை எப்படி அமைப்பது என்று என் அலமாரியைக் காட்டப்போகிறார். அத்தனை வகுப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் அணில் வரவில்லை. படம் ஒட்டிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா போன் செய்தார். "ராத்திரியெல்லாம் வாந்தி டீச்சர். என்ன தின்னான்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. பள்ளிக்கூடத்துல எதாச்சும் வாயில போட்டாளா?"

"ஒண்ணும் இல்லம்மா. வாசல்ல வெட்டின பழம் விக்குதே அந்தம்மா, அதுகிட்ட வாங்கித் தின்னா. ஈ மொய்ச்ச பழம். அதான் ஒத்துக்கலபோல."

அவள் பழம் வாங்கவில்லை. வாயில் அது சட்டென்று வந்துவிட்டது. வந்தபின் மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காதே. பழக்காரம்மாவின் வண்டியை யாரோ கவிழ்த்தார்கள். பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அதிகாரி வந்தார், தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பாராட்டினார். அன்று சாயங்காலமே மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, கால் தானாக இழுத்துக்கொண்டு போயிற்று. அணில் கண்ணைத் திறந்து, "டீச்சர், என் சரத்த அவளே வெச்சுக்கிட்டாளா?" என்றாள்.

"இல்லடா கண்ணு. பத்திரமா இருக்கு."

டாக்டர் என்னைத் தனியாகக் கேட்டார். மருந்தா, பூச்சிக்கொல்லியா, ஏதாவது விதையா, எதுவானாலும் சொல்லுங்கள், முதலிலேயே தெரிந்திருந்தால் வயிற்றைக் கழுவியிருக்கலாம், இப்போதும் எதற்கு எதிராகப் போராடுகிறோம் என்றாவது தெரியும் என்றார். அவர் 'விதை' என்றபோது நான் கட்டில் பக்கத்து மேசையில் இருந்த மருந்துப் புட்டிகளை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். "அப்படி எதுவும் எங்க வகுப்புல கெடையாது டாக்டர்" என்றேன். தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்ததே எனக்குத் தெம்பா இருக்கு" என்றார்.

விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுதேனா என்று கேட்கிறீர்கள். தேம்பித் தேம்பி அழுதேன். பெற்ற பிள்ளை போனால்கூட அப்படி அழுதிருப்பேனா தெரியாது. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதையாவது அடுக்கத் தோன்றுகிறது. பிறகு ஒரு நாள் தையல்காரம்மா ஒரு பை நிறையப் பொத்தான் கொண்டுவந்து வைத்தார். "அவ இருந்தா எடுத்துட்டு வந்திருப்பா" என்றார். வாங்கிக்கொண்டேன். அளவுவாரியாகப் பிரித்தும் வைத்துவிட்டேன். நல்ல பொத்தான்கள்.

அவர்தான் அணிலின் சீருடையை மடிக்கும்போது பையில் ஒரு பாதி மணியைக் கண்டெடுத்து ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஊசித் துளையோடு. நான் தரையில் கண்ட பாதியை அன்றே பெருக்கித் தள்ளிவிட்டேன். இன்னொரு பாதியை அவள் ஒளித்துவைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் ஓட்டை போட்டேன். கண்ணால் பார்த்துதான் மறைத்தேன். பழக்காரம்மாவின் தலையில் கட்டியதும் நான்தான். ஒன்றைச் சொல்லியிருந்தால் அலமாரி முழுவதையும் வாரிக் கொட்டியிருப்பார்கள், இருக்கிற பிள்ளைகளுக்கும் இனி வரும் பிள்ளைகளுக்கும் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு பிள்ளையைப் பார்ப்பதா, வகுப்பைப் பார்ப்பதா? நான் வகுப்பைப் பார்த்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சரங்களையெல்லாம் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அறுந்ததை வேறு மணி தேடிக் கோத்துவிட்டேன். இனி அதற்குச் சண்டை இல்லை. இந்த வருடத்தில் இப்போதுதான் ஆளுக்கொன்று சரியாக வருகிறது.