சாமித்தம்பியின் ஆறு ஏக்கர்

கறையானுக்கு வேப்பிலையைவிடப் புகையிலைத்தூள் நல்லது. காணிப் பதிவேடுகளுக்கு நடுவில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் எங்கள் காணிப் பதிவுக் கந்தோர் எரிந்தபோது, மிஞ்சிய பதினொரு ஏடுகளைத் தோணியில் ஏற்றி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவியின் பெட்டகத்தை இறக்கிவிட்டுத்தான் அவற்றுக்கு இடம் பிடித்தேன். அகதி முகாமிலிருந்து திரும்பியவர்களெல்லாம் என் வாசலுக்கு வந்தார்கள். எல்லைகளை வாசித்துக் காட்டினேன், நகல் எழுதிக் கொடுத்தேன். ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை.

என் மகள் புஸ்பத்துக்குக் கல்யாணம் பேசிய நேரம், பெரியவட்டையில் சாமித்தம்பியின் ஆறு ஏக்கர் வயல் தரிசாகக் கிடந்தது. அந்தக் குடும்பமே முடிந்துவிட்டதென்று ஊரில் கதை. மாப்பிள்ளையிடம் அதைக் காட்டிச் சீதனம் என்றேன். இரண்டு போகம் நன்றாக விளைந்தது.

பிறகு சாமித்தம்பி வந்தான்.

“கிளாக்கர் ஐயா, என்ட வயலில ஆரோ விதைச்சிரிக்காங்க. ஏட்டில என்ட பேர் இரிக்கா எண்டு ஒருக்காப் பாருங்க.”

பார்த்தேன். இருந்தது. தாளைக் கிழிக்க ஒரு நிமிடம் போதும். மனம் வரவில்லை.

“இரிக்கு சாமித்தம்பி. நாளைக்கு வா, நகல் எழுதித் தாறன்.”

கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். முகாமில் விறகு பிளந்து காய்த்துப்போன கை.

அன்று பின்னேரமே சைக்கிளில் இராணுவச் சோதனைச்சாவடிக்குப் போனேன். அவன் இயக்கத்துக்குச் சாமான் கடத்துகிறவன் என்று சொன்னேன். தங்கியிருந்த இடத்தையும் சொன்னேன். பொய்தான். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம். அப்படி நினைக்கவில்லை. அந்தச் சாவடிக்குள் கொண்டுபோகப்பட்ட யாரும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

மறுநாள் நகல் வாங்க வரும் வழியில் அவனைப் பிடித்தார்கள்.

ஒரு கிழமை கழித்து அவன் மனைவி ஆச்சிப்பிள்ளை வந்தாள்.

“ஐயா, இவரத் தேடித் தரச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. எனக்கு வேற ஆரும் இல்ல.”

எழுதிக் கொடுத்தேன், ஒரு பிழையில்லாமல். பிறகும் நான்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வயல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். மருமகன்தான் விதைக்கிறார். ஆனால் ஏட்டை நீங்களே திறந்து பாருங்கள், ஐயா. ஆறு ஏக்கரும் இன்றுவரை சாமித்தம்பியின் பெயரில்தான் இருக்கிறது. அடுத்தவன் காணியைப் பெயர் மாற்றி எழுதுகிற ஆள் நானில்லை.