வாசலில் தொங்கிய பச்சைப் பந்து

கிட்டே வந்து உட்காருங்கள் அம்மா. அந்த ஓரத்தில் எறும்பு வரும். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். கையை மேசைமேல் வையுங்கள், பட்டையைச் சுற்றிவிடுகிறேன். காலைக் குறுக்கே போடக் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளந்தால்தான் பிரஷர் சரியாகக் காட்டும். நீங்கள் பேச வேண்டாம். அதற்குள் நான் புன்லோமின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்கத்தானே வந்தீர்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரின் சுகாதாரத் தொண்டர் நான்தான். பள்ளியில் நான்கு வகுப்பு படித்தேன். மற்றதெல்லாம் நாளிதழ் படித்துக் கற்றுக்கொண்டது. காலையில் வீடுகளில் பசையரிசி ஆவியில் வேகும் நேரத்தில், ஊர் ஒலிபெருக்கியில் ஆராய்ச்சிச் செய்திகளை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்வேன். “சாய்தோங் அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார்கள். அப்படி ஒரு பெயர் எடுப்பது சுலபமில்லை.

வீட்டுக்கு வீடு வாசலில் பிங்பாங் பந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷர் சரியாக இருந்தால் பச்சை. ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மாதம் ஒருமுறை அளந்து நான்தான் மாற்றுவேன். எதிர்வீட்டுப் புன்லோம் வாசலில் மட்டும் மூன்று வருடமாகச் சிவப்பு. அவள் பப்பாளிக்காயை உரலில் இடித்து, உப்பு கரிக்கும் மீன்சாறு ஊற்றி விற்றுப் பிழைத்தவள். “சிவப்புப் பந்துக்காரி கையால தின்னா நமக்கும் ஏறிடும்டி” என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குள் போனதும் அழுவாள். எனக்கு அவள் அறுபது வருடப் பழக்கம்.

அப்போதுதான் நாளிதழில் உப்பைப் பற்றி ஒரு செய்தி வந்தது. உப்பைக் குறைத்தால் பிரஷர் இறங்கும் என்று போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நான்கு நாள் தொடர்ந்து வாசித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதை மட்டும் வாசிக்கவில்லை. மாத்திரையும் வேண்டும் என்று தெரிந்தால் உப்பை யார் குறைப்பார்கள்?

புன்லோம் குறைத்தாள். மீன்சாற்றுப் புட்டியையும், உப்பில் ஊறவைத்த மீன் ஜாடியையும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

“பூசணிக்காய வெறும் தண்ணில வேகவச்சுத் தின்னேன் டாக்டரக்கா. எங்க வீட்டுப் பூனை மோந்து பாத்துட்டு, என்னையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுச்சு.”

அந்த மாதம் அளந்தபோது நூற்று அறுபத்தெட்டு. கருவியில் எண் தெரியும் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைப்பது என் வழக்கம். அவள் முகத்தைப் பார்த்தேன். நூற்று ஐம்பது என்று சொல்லி ஆரஞ்சுப் பந்தைக் கட்டினேன். மறுமாதம் மஞ்சள். அதற்கடுத்த மாதம் பச்சை. கருவியில் எண் இறங்கவே இல்லை. ஆனால் அவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சிரித்தாள். அதுவும் ஆரோக்கியம்தானே.

பச்சை வந்த அன்று தெரு முழுக்க உப்பில்லாத பப்பாளிக்காய் விருந்து வைத்தாள். “வைக்கோலுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வச்சிருக்கா பாரு” என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தின்றார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதோடு கேட்டாள்:

“பச்சையே வந்துடுச்சேக்கா, இனி அந்த மாத்திரை எதுக்கு? முழுங்கினா கால் வீங்குது.”

“உன் இஷ்டம்” என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

மாகாணத்திலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. சிவப்புப் பந்தே இல்லாத ஊர் என்று எங்களுக்குக் கேடயம் தரப்போகிறார்கள். அன்று காலை புன்லோம் வந்தாள். “பின்னங்கழுத்துல உரல ஏத்தி வச்ச மாதிரி கனக்குதுக்கா” என்றாள். அன்று நான் அளந்தது அவளை மட்டும்தான். இருநூற்று நான்கு. “நூத்தி இருபத்தெட்டு. வெயில்தான், போய் இளநி குடி” என்று அனுப்பினேன்.

மதியம் அவள் மகள் விலாவன் ஓடிவந்தாள். “பெரியம்மா, அம்மாவுக்கு வாய் கோணுது, உலக்கைய பிடிக்க முடியல.” வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது; ஒலிபெருக்கியில் நானே எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் அதிகாரிகளின் வண்டி தெருமுனையில் நின்றது. ஆம்புலன்ஸ் வந்தால் அவர்களும் பின்னாலேயே போய்ப் பார்ப்பார்கள். “வெயில் மயக்கம். படுக்க வச்சுத் தைலம் தேய், வர்றேன்” என்றேன். கேடயம் வாங்கி, படம் எடுத்து, அவர்களை வழியனுப்பிவிட்டுத்தான் போன் செய்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

எங்கள் வழக்கப்படி புத்தர் கோயிலில் உடலை வைத்திருந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பச்சைப் பந்து வீட்டில் எப்படி இது? “ஒளிச்சு வச்சு ஊறவச்ச மீன் தின்னிருப்பா, பாவம்” என்றேன். விலாவன் என் காலடியில் குனிந்து, “அம்மா உங்கள ஏமாத்திட்டாங்க பெரியம்மா, மன்னிச்சிடுங்க” என்று அழுதாள். மன்னித்தேன். அதன் பிறகு ஊரில் உப்பு இன்னும் குறைந்தது. அவள் சாவால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய எண்களைக் கருவி தேதியோடு ஞாபகம் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. விலாவன்தான் ஏதோ பொத்தானை அழுத்திப் பார்த்தாளாம். அந்தக் கருவியை உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். இது என் சொந்தக் கருவி. எழுதிக்கொள்ளுங்கள்: எண்ணை மாற்றிச் சொன்னதும், ஆம்புலன்ஸைத் தாமதித்ததும் நான்தான். கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் அவளுக்குப் பச்சைப் பந்து கட்டிய நாளில் அவள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. இப்போது அளக்கலாம். எண் தெரியும் பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், உங்களுக்கு வெயில் கூசும்.

நூற்று இருபது அம்மா. நன்றாக இருக்கிறது, கவலைப்படாமல் போய்வாருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் என்றைக்கும் பச்சையே தொங்கட்டும்.